மலையடிப் பேட்டையில் ட்ரோன்: எங்கே நின்று ஏற்றுவது?

வேலூர் சைதாப்பேட்டை போல மலைச்சரிவில் வீடுகள் அடுக்கடுக்காக ஏறிப்போகும் பகுதியை முதன்முறையாக ட்ரோனில் பார்க்கப் போகிறீர்களா? கேமரா செட்டிங்கை அப்புறம் பார்க்கலாம். ட்ரோன் கிளம்பும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். உயரம், சிக்னல், திரும்பி வரும் வழி எல்லாமே அந்த இடத்தைப் பொறுத்தவை.

அதற்கும் முன்னால் அனுமதி. ஏற்றும் நாளன்றே, எங்கே ட்ரோன் ஓட்டலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் அந்த இடத்தைத் தேடிப் பாருங்கள். ட்ரோன் விதிகள் 2021-இன்படி, முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி (120 மீட்டர்) வரை பறக்கலாம். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடிதான். அதைவிட நெருங்கினால் அனுமதி வேண்டும். அப்துல்லாபுரம் விமானத்தளம் வேலூருக்குப் பக்கத்திலேயே இருப்பதால், பழைய ஸ்கிரீன்ஷாட்டை நம்பிக் கிளம்பாதீர்கள். வேலூர் கோட்டை, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அவர்கள் அனுமதி இல்லாமல் அதன்மேல் பறக்கக் கூடாது. தொரப்பாடி மத்திய சிறைப் பக்கமும், அரக்கோணம் கடற்படை விமானத்தளப் பக்கமும் போகவே வேண்டாம். 2 கிலோ வரையுள்ள ட்ரோனை வணிக நோக்கமில்லாமல் ஓட்ட பைலட் சான்று தேவையில்லை. ஆனால் இடம் பற்றிய தடை எல்லா எடைக்கும் உண்டு.

முந்தின நாள் மாலை அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். மின்கம்பி, கேபிள் ஒயர், செல்போன் டவர், பட்டம் விடும் பிள்ளைகள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மெல்லிய ஒயரைத் தடை உணரும் சென்சார் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. டீக்கடையில் விஷயத்தைச் சொல்லிவையுங்கள்: நாளைக் காலையில் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எதற்காக. தலைக்கு மேல் திடீரென்று சத்தம் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

இனி உயரம். பலர் ட்ரோனைப் பறிகொடுப்பது இங்கேதான். திரையில் தெரியும் எண், கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிட்ட உயரம். அடிவாரத்தில் ஏற்றி 60 மீட்டரில் நிறுத்தி மலைப்பக்கம் ஓட்டுகிறீர்கள்; அங்கே தரை 40 மீட்டர் உயர்ந்திருந்தால் வீடுகளின் தரைக்கும் ட்ரோனுக்கும் இடையே 20 மீட்டர்தான் மிச்சம். மூன்று மாடி வீடும் தண்ணீர்த் தொட்டியும் அதில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஆகவே சரிவின் நடுவிலோ மேலேயோ ஒரு மொட்டை மாடியைக் கேட்டு வாங்கி, அங்கிருந்து கீழ்நோக்கிப் பறப்பதே நல்லது. அப்போது ட்ரோன் போகப்போகத் தரை தாழும்; 120 மீட்டர் வரம்பைத் தரையிலிருந்துதான் கணக்கிட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். கிளம்பிய இடத்துக்கு ட்ரோன் தானாகத் திரும்பும் உயரத்தை, வழியிலுள்ள மிக உயரமான பொருளைவிட 20 மீட்டர் கூட்டி வையுங்கள். மலைக்கு அந்தப்புறம் ஓட்டவே ஓட்டாதீர்கள். பாறை மறைத்ததும் சிக்னல் அறுந்துவிடும்.

மாடியில் இன்னொரு சிக்கல், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி. திசைகாட்டி குழம்பி, ட்ரோன் நேராக நிற்காமல் வட்டமடிக்கும். பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் வைத்து ஏற்றினால் பெரும்பாலும் சரியாகும். சரியாகாவிட்டால் வேறு இடம் பாருங்கள். ட்ரோன் திரும்பி வர வேண்டிய இடம் (ஹோம் பாயிண்ட்) பதிவானதாகத் திரையில் வரும்வரை ஏற்றாதீர்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழு மணியளவில் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் பாறை சூடாகி மேலே காற்று புரளும். பல சிறிய ட்ரோன்களுக்கு 40 டிகிரிதான் வரம்பு. ஏழுக்கு முன்னால் வெளிச்சம் இன்னும் அழகாக இருக்கும்தான். ஆனால் கோடையில் குடும்பங்கள் மாடியில் படுத்திருக்கும் நேரம் அது. அப்போது பறப்பது முறையல்ல. வீடுகளுக்கு மேல் 40 மீட்டருக்குக் கீழே எப்போதுமே இறக்காதீர்கள்.

முதலில் நேராக 60 மீட்டர் ஏற்றி நிறுத்தி, 45 டிகிரிக்கு ஒன்றாகச் சுற்றி எட்டுப் படம். அடுத்து கேமராவை நேர் கீழே திருப்புங்கள். 24 மில்லிமீட்டருக்கு இணையான லென்ஸில், தரையிலிருந்து 60 மீட்டர் உயரத்தில் ஒரு படம் ஏறத்தாழ 85-க்கு 65 மீட்டர் பரப்பை அடக்கும். 13 மீட்டருக்கு ஒரு படம், வரிசைக்கு வரிசை 25 மீட்டர் இடைவெளி என்று எடுத்தால், அவற்றை இணைத்து ஒரே வரைபடமாக்கலாம். சரிவில் மேலே போகப்போகப் பரப்பு சுருங்கும். அங்கே இடைவெளியைக் குறைக்காவிட்டால் வரைபடத்தில் ஓட்டை விழும். பேட்டரி 35 சதவீதம் ஆனதும் திருப்புங்கள். எதிர்காற்றில் திரும்பி வர அதிகம் செலவாகும். பருந்து நெருங்கினால் நேராக மேலே ஏற்றி, மெல்ல விலக்கிக் கொண்டுவந்து இறக்கிவிடுங்கள்.

இணைத்த படத்தைப் போனில் வைத்துக்கொண்டு மறுபடியும் நடங்கள். மேலிருந்து சந்து போலத் தெரிந்தது ஒரு வீட்டின் சொந்தப் படிக்கட்டாக இருக்கும். இரண்டு தெருக்கள் சேருமிடத்தில் ஆளுயரச் சுவர் நிற்கும். அவற்றைப் படத்திலேயே குறித்துவிட்டால்தான் அடுத்தவருக்கும் அது வழிகாட்டும்.