பிராய்லர் தீவனத்துல ஆன்டிபயாட்டிக்குக்குப் பதிலா மஞ்சளும் பூண்டும்: நான் சொதப்பிக் கத்துக்கிட்ட முறை

முதல்லயே சொல்லிடுறேன், நோவு வந்த கோழிக்குக் குடுக்கிற மருந்தைப் பத்தி இது இல்லைங்க. நல்லா இருக்கிற கோழிக்கே எடை ஏறணும்னு தினமும் தீவனத்துல கொஞ்சூண்டு ஆன்டிபயாட்டிக் கலக்குறாங்களே, அதை நிறுத்திட்டு என்ன போடலாம்ங்கிறதுதான். அப்படிக் கொஞ்சகொஞ்சமா குடுத்தா தப்பிச்ச கிருமியெல்லாம் மருந்துக்கே பழகிடும், அப்புறம் மனுசனுக்கு வந்தாலும் அந்த மருந்து கேக்காது. ஐரோப்பிய யூனியன்ல 2006 ஜனவரி 1-லேர்ந்தே இதுக்குத் தடை.

புரூடிங் (குஞ்சுக்குச் சூடு குடுத்து வளக்குறது), தடுப்பூசி எல்லாம் தெரியும்னு வச்சுக்கிட்டு நேரா விஷயத்துக்கு வர்றேன்.

50 கிலோ மூட்டைக்கு என் கணக்கு: மஞ்சத்தூள் 250 கிராம், காஞ்ச பூண்டுத்தூள் 250 கிராம், மிளகுத்தூள் 50 கிராம். மிளகு எதுக்குன்னா, மஞ்சள்ல இருக்கிற குர்குமின் தனியா போனா உடம்புல சரியா சேராது, மிளகுல இருக்கிற பைப்பரின் சேர்ந்தா கொஞ்சம் கூடுதலா ஏறும். வேப்பிலைத்தூள் போட்டுப் பாத்தேன், அளவு கூடினா கசப்புல கோழி தீவனத்தையே தொடமாட்டேங்குது, விட்டுட்டேன். ஓரிகானோ எண்ணெய் நல்ல பொருள்தான், ஆனா ரொம்பக் காட்டம், துளிக்கணக்குல அளக்கணும், புதுசா ஆரம்பிக்கிறவங்க அது பக்கம் போகவேணாம்.

ஸ்டெப் 1: பூண்டு

நான் மாட்டினது இங்கதான். பச்சைப் பூண்டை அரைச்சு விழுதை அப்படியே மூட்டைத் தீவனத்துல பிசைஞ்சு வச்சேன். மூணாம் நாள் கையை உள்ள விட்டா சூடா இருக்கு, அள்ளினா உருண்டை உருண்டையா வருது, உடைச்சா உள்ள பச்சையா பூசணம், மூக்குல ஏறுற வாடை. மூட்டையோட கொட்டிட்டேன். பச்சைப் பூண்டுல பாதிக்கு மேல தண்ணிதான், அந்த ஈரம் போதும் பூசணத்துக்கு, பூசணம் விடுற நஞ்சு கோழியோட ஈரலைக் கெடுக்கும். காய வச்சு ஆறவிட்டா குடுக்கலாமான்னு யோசிக்காதீங்க, நஞ்சு அப்படியெல்லாம் போகாது.

அதனால பூண்டை நசுக்கி ஒரு பத்து நிமிசம் சும்மா வைங்க. நசுக்கினாத்தான் அதுல அல்லிசின்ங்கிற, கிருமியை அடக்குற பொருள் உருவாகும், உடனே வறுத்தா அது உருவாக வேண்டிய நொதி செத்துப்போயிடும். அப்புறம் மெல்லிசா பரப்பி நிழல்ல காத்தோட்டமா காய வைங்க, ஒடிச்சா படக்குன்னு ஒடியணும், வளைஞ்சா இன்னும் காயலைன்னு அர்த்தம். அரைச்சு சலிச்சுக்கோங்க. உரிச்ச பூண்டு ஒரு கிலோவுக்கு முந்நூறு, முந்நூத்தம்பது கிராம் தூள் தேறும்.

ஸ்டெப் 2: கலக்குறது

மூணு தூளையும் 2 கிலோ தீவனத்துல முதல்ல கலந்துக்கோங்க, அதை 10 கிலோவுல, அப்புறம்தான் மொத்தத்துல. நேரா மூட்டையில கொட்டினா ஒரு தட்டுல மஞ்சக்கட்டி, இன்னொரு தட்டுல ஒண்ணுமே இருக்காது. குருணைத் தீவனமா இருந்தா தூள் ஒட்டாம அடியில தங்கிடும், கோழி மேலாப்புல பொறுக்கிட்டுப் போயிடும், அதுக்கு மூட்டைக்கு 250 மில்லி சமையல் எண்ணெய் தெளிச்சுப் புரட்டினா ஒட்டிக்கும். எண்ணெய் சேர்த்தது காறிப்போகும், ஒரு வாரத்துக்குள்ள தீர்ற அளவு மட்டும் கலங்க. மிக்சர் மிஷின்லாம் வேணாம், தார்ப்பாயும் மண்வெட்டியும் போதும்.

ஸ்டெப் 3: ஆரம்பிக்கிறது

முதல் வாரம் குஞ்சுக்கு நான் எதுவும் சேர்க்கிறதில்ல. எட்டாம் நாள்லேர்ந்து மூணு நாள் பாதி அளவு, அப்புறம் முழு அளவு. தட்டுல மிச்சம் நின்னா அளவைக் குறைங்க. முடிஞ்சா ஒரு தடுப்புல மட்டும் இதைக் குடுத்து, பக்கத்துத் தடுப்புல சாதாரணத் தீவனம் குடுத்து, வாரவாரம் பத்துப் பத்து கோழி எடை போடுங்க, தின்ன தீவனத்தையும் குறிச்சு வைங்க. கண்ணால பாத்து "நல்லா இருக்கு"ங்கிறதை நான் நம்புறதில்ல. கோழிக்கு அடியில பரப்பின கூளம் ஈரமா கிடந்தா எந்த மூலிகையும் எடுபடாது, அதைக் கிளறிவிடுங்க.

அப்டேட்: ரெண்டு பேரு கேட்டிருந்தாங்க. ஒண்ணு, எச்சத்துல ரத்தம் வருது, பூண்டைக் கூட்டலாமா? கூட்டாதீங்க, அது ரத்தக்கழிச்சலா இருக்கலாம், அன்னிக்கே கால்நடை டாக்டரைப் பாருங்க, அவர் மருந்து எழுதினா சொன்ன நாள் வரைக்கும் முழுசா குடுங்க, கடைசி மருந்துக்கும் கறிக்கு விடுறதுக்கும் நடுவுல எத்தனை நாள் விடணும்னும் கேட்டுக்கோங்க. ரெண்டாவது, தூளைத் தண்ணியில கரைச்சு விடலாமாங்கிறது. நிப்பிள் லைன்ல (கோழி கொத்தினா தண்ணி சொட்டுற குழாய்) விட்டுடாதீங்க சாமி, வண்டல் போய் அடைச்சுக்கிட்டு கோழி தண்ணி இல்லாம நிக்கும், ஒவ்வொரு நிப்பிளா தட்டித் தட்டி சுத்தம் பண்ணின அனுபவத்துல சொல்றேன்.