மாவு பாக்கெட்டுக்கு என்ன விலை? வகைக்கெழுக் கணக்கு சறுக்கும் இடங்கள்

அதிக லாபம் தரும் விலையைக் கண்டுபிடிக்க லாபச் சார்பை (விலையை வைத்து லாபத்தைச் சொல்லும் சமன்பாட்டை) வகையிட்டு, அதாவது விலை சற்று மாறினால் லாபம் மாறும் வீதமான வகைக்கெழுவைக் கண்டு, அதைப் பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்த வேண்டும். வகையிடும் வேலை இரண்டு வரிதான், அதில் யாரும் பெரிதாகத் தப்பு செய்வதில்லை. எதை வகையிடுகிறோம், எதைப் பொறுத்து வகையிடுகிறோம் என்பதில்தான் கணக்கு கவிழ்கிறது.

ஒரு கிலோ இட்லி மாவு பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். 40 ரூபாய்க்கு விற்றால் நாளுக்கு 160 போகிறது. 45 ஆக்கினால் 120. ரூபாய்க்கு எட்டு பாக்கெட் குறைகிறது என்று நேர்கோடு போட்டால், எண்ணிக்கை = 480 − 8வி (வி என்பது விலை). அரிசி, உளுந்து, கரண்ட், கவர் எல்லாம் சேர்த்து பாக்கெட்டுக்கு 28 ரூபாய். கடை வாடகை, ஆள் கூலி நாளுக்கு 1,200.

லாபம் = (வி − 28)(480 − 8வி) − 1,200. விரித்தால் −8வி² + 704வி − 14,640. வகைக்கெழு −16வி + 704; பூஜ்ஜியமாக்கினால் வி = 44. விற்பது 128 பாக்கெட், லாபம் 848 ரூபாய். இரண்டாம் வகைக்கெழு −16, குறை எண். ஆகவே இது பெருமம்தான்.

முதலில் சறுக்குவது, லாபத்துக்குப் பதில் வருவாயை வகையிடும்போது. வருவாய் 480வி − 8வி². அது உச்சத்தைத் தொடுவது 30 ரூபாயில். 240 பாக்கெட் போகும், கல்லாப்பெட்டி நிரம்பும், ஆனால் பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய்தான் மிச்சம். வாடகையும் கூலியும் போக நாளுக்கு 720 ரூபாய் நஷ்டம். 1838-இல் இந்த முறையை எழுதிவைத்த பிரெஞ்சுக் கணித அறிஞர் கூர்னோ, முதலில் எடுத்துக்கொண்டது உற்பத்திச் செலவே இல்லாத ஒரு கனிம நீர் ஊற்று. அங்கே வருவாயின் உச்சமும் லாபத்தின் உச்சமும் ஒன்று. உளுந்து வாங்குகிறவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அடுத்தது, படித்தவர்களே அதிகம் விழும் குழி. ‘இறுதிநிலை வருவாய் = இறுதிநிலைச் செலவு’ (இன்னும் ஒரு பாக்கெட் விற்றால் கூடும் வருவாயும் கூடும் செலவும் சமமாகும் இடத்தில் லாபம் உச்சம்) என்ற விதி மனப்பாடமாக இருக்கும். வருவாயை விலையைப் பொறுத்து வகையிட்டு 480 − 16வி என்று எழுதி, அதை பாக்கெட் செலவான 28-க்குச் சமப்படுத்திவிடுவார்கள். விடை 28.25, அந்த விலையில் நாளுக்கு ஆயிரத்து நூறுக்கு மேல் நஷ்டம். இடப்பக்கம் இருப்பது விலை ஒரு ரூபாய் ஏறினால் வருவாய் எவ்வளவு மாறும் என்பது. வலப்பக்கம் இருப்பது ஒரு பாக்கெட் கூடினால் செலவு எவ்வளவு ஏறும் என்பது. இரண்டும் வேறு வேறு அலகு. விதியைப் பயன்படுத்துவதென்றால் எல்லாவற்றையும் எண்ணிக்கையில் எழுதுங்கள்: எண்ணிக்கையை எ என்றால், விலை = 60 − எ/8, வருவாய் = 60எ − எ²/8, இறுதிநிலை வருவாய் = 60 − எ/4. அது 28 ஆகும்போது எ = 128, விலை 44. விலையிலேயே எழுதுவதானால் செலவையும் விலையைப் பொறுத்து வகையிட வேண்டும். அது −224, ஏனென்றால் விலை ஏறினால் அரைக்கும் மாவும் குறைகிறது.

வாடகையை பாக்கெட் தலையில் கட்டுவது இன்னொன்று. 1,200-ஐ 160-ஆல் வகுத்து, பாக்கெட்டுக்கு ஏழரை ரூபாய் சேர்த்து, அடக்கம் 35.50 என்பார்கள். கணக்கில் போட்டால் விலை 47.75, விற்பனை 98, லாபம் 735.50. விற்பனை குறைந்ததால் பாக்கெட்டுக்கு விழும் வாடகை இப்போது 12 ரூபாய்க்கு மேல். திரும்பக் கணக்குப் போட்டால் விலை ஐம்பதைத் தாண்டும். மாறாச் செலவை வகையிட்டால் பூஜ்ஜியம். வாடகை ஏறினாலும் இந்த 44 அசையாது. வாடகை முடிவு செய்வது கடையைத் திறந்து வைக்கலாமா என்பதை மட்டும்.

நெகிழ்ச்சி வாய்பாட்டிலும் கவனம் வேண்டும். தேவை நெகிழ்ச்சி என்பது விலை ஒரு சதவீதம் ஏறினால் விற்பனை எத்தனை சதவீதம் குறையும் என்பது; வாய்பாடு: விலை = பாக்கெட் செலவு × நெகிழ்ச்சி ÷ (நெகிழ்ச்சி − 1). 40 ரூபாயில் தேவை நெகிழ்ச்சி 8 × 40 ÷ 160 = 2. இதை வாய்பாட்டில் போட்டால் 28 × 2 ÷ (2 − 1) = 56 ரூபாய். அந்த விலைக்கு 32 பாக்கெட்தான் போகும், 304 ரூபாய் நஷ்டம். நேர்கோட்டில் நெகிழ்ச்சி இடத்துக்கு இடம் மாறும். 44-இல் அது 2.75. அதைப் போட்டுப் பாருங்கள், சரியாக 44 வரும். ஆகவே விடையைச் சரிபார்க்க இந்த வாய்பாடு நல்லது, கண்டுபிடிக்க அவ்வளவு நல்லதல்ல.

இவ்வளவும் அந்த 480 − 8வி உண்மையென்றால்தான். 40 ரூபாயைச் சனி ஞாயிறிலும் 45 ரூபாயைச் செவ்வாய் புதனிலும் விற்றுப் பார்த்திருந்தால், குறைந்த 40 பாக்கெட்டில் பாதி கிழமையால் குறைந்ததாக இருக்கலாம். செவ்வாய் புதனில் 40 ரூபாய்க்கே 140தான் போகும் என்று வையுங்கள். அந்த நாள்களின் கோடு 300 − 4வி, அதிக லாபம் தரும் விலை 51.50. ஏழரை ரூபாய் வித்தியாசம்! ஒரே கிழமைகளை ஒப்பிடுங்கள். பண்டிகை, விரத நாள்களை விட்டுவிடுங்கள். விடை விற்றுப் பார்த்த 40–45 எல்லைக்கு வெளியே விழுந்தால் நேரே அங்கே தாவாமல் 48-இல் ஒரு வாரம் விற்றுப் பார்த்து, கோட்டைத் திரும்பப் போடுங்கள்.

கிரைண்டர் நாளுக்கு 100 பாக்கெட்தான் அரைக்கும் என்றால் 44-க்கு வேலையே இல்லை. 480 − 8வி = 100 ஆகும் 47.50தான் விலை, லாபம் 750. அங்கே வகைக்கெழு பூஜ்ஜியமாக இருக்காது, இருக்கவும் தேவையில்லை.

சில்லறைக்கு அலையாமல் 45 என்றே வைக்கலாமா? தாராளமாக. லாபம் 840, எட்டு ரூபாய்தான் குறைவு.