ஊரிலிருந்து பார்சல் வரும்போது வரும் போலி எஸ்எம்எஸ்

சேலத்திலிருந்தோ ஏற்காட்டிலிருந்தோ படிப்புக்கும் வேலைக்குமாக இங்கிலாந்து வந்து இறங்கியிருக்கிறீர்களா? சிம் வாங்கியிருப்பீர்கள், வங்கிக் கணக்குக்கு அலைந்துகொண்டிருப்பீர்கள். ரைஸ் குக்கர், போர்வை, குளிர்கோட்டு என்று ஆன்லைனில் ஆர்டர் மேல் ஆர்டர் போய்க்கொண்டிருக்கும். போலி எஸ்எம்எஸ்ஸில் புதியவர்கள் மாட்டுவது இந்த முதல் சில மாதங்களில்தான். அனுப்புகிறவனுக்கு உங்களைத் தெரியாது, கண்ணில் பட்ட எண்களுக்கெல்லாம் ஒரே செய்தியை அனுப்புகிறான். எதுவும் ஆர்டர் செய்யாதவர் அதை அழித்துவிட்டுப் போவார். நிஜமாகவே பார்சலுக்குக் காத்திருப்பவருக்கோ அது தனக்கே வந்தது போலத் தெரியும்.

"உங்கள் பார்சலை டெலிவரி செய்ய முடியவில்லை. 1.45 பவுண்டு பாக்கி. 24 மணி நேரத்துக்குள் கட்டவும்." கீழே ஒரு லிங்க். தொகை சின்னதாக இருப்பதில்தான் சூட்சுமம், ஒன்றரைப் பவுண்டுக்கு யாரும் யோசிப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது அந்தக் காசு இல்லை. நீங்கள் தட்டிக் கொடுக்கும் கார்டு எண், அட்டையின் பின்னால் இருக்கும் மூன்று இலக்கம், பிறந்த தேதி, முகவரி, இவைதான் வேண்டும். அப்புறம் ஒருநாள், "வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கார்டில் மோசடி நடந்திருக்கிறது" என்று போன் வரும். நீங்கள் கொடுத்த விவரத்தையே உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். அதை நம்பி, "பாதுகாப்பான கணக்குக்கு" என்று அவர்கள் சொல்லும் கணக்குக்குப் பணத்தை மாற்றுவீர்கள். பெரிய தொகை போவது அங்கேதான்.

நம்மவர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. அம்மா தட்டுவடையும் ஏற்காட்டுக் காபித்தூளும் மிளகும் கட்டி அனுப்பியிருப்பார். அந்தப் பார்சலுக்கு இங்கே உண்மையிலேயே கட்டணம் விழலாம். அன்பளிப்பாக வரும் பொருளின் மதிப்பு 39 பவுண்டைத் தாண்டினால் இறக்குமதி வாட் வரி உண்டு. அதை வசூலிக்கும் ராயல் மெயில் என்ற இங்கிலாந்துத் தபால் நிறுவனம் தன் கட்டணத்தையும் சேர்த்துக் கேட்கும். அதனால் "கட்டணம் பாக்கி" என்றாலே பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சுங்கக் கட்டணம் நிஜமாகவே இருந்தால், ராயல் மெயில் சாம்பல் நிற அட்டை ஒன்றையும் உங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போகும். அட்டை இல்லாமல் எஸ்எம்எஸ் மட்டும் வந்தால் தொடாதீர்கள்.

இதைவிட நல்ல வழி, சேலத்தில் பார்சலைக் கொடுத்த கையோடு ரசீதைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்வது. இந்தியத் தபாலின் வெளிநாட்டுப் பார்சல் எண் 13 இடம் கொண்டது. முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், முடிவில் ஐ, என் என்ற இரண்டு எழுத்து. அந்த எண்ணை நீங்களே ராயல் மெயில் தளத்தில் போட்டுப் பாருங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பியிருந்தாலோ அங்கே விவரம் கிடைக்காவிட்டாலோ, ராயல் மெயிலின் கூரியர் பிரிவான பார்சல்ஃபோர்ஸ் தளத்தில் பாருங்கள். அமேசான் ஆர்டர் என்றால் செயலியைத் திறந்து ஆர்டர் பக்கத்தைப் பார்த்தால் போதும். எஸ்எம்எஸ்ஸில் வந்த லிங்க் வழியாக மட்டும் போகவே கூடாது.

அனுப்புநர் பெயரை வைத்தும் நம்பாதீர்கள். அந்தப் பெயரைப் போலியாகவும் போட முடியும். பெயர் ஒன்றாக இருந்தால், நேற்று வந்த உண்மையான செய்திக்குக் கீழேயே போலியையும் போன் அடுக்கிவிடும். லிங்கையும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை (//) விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு இடப்பக்கம் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். "அமேசான்.கோ.யூகே.டெலிவரி-ஃபீ.காம்/" என்று இருந்தால் அந்தத் தளத்தின் பெயர் "டெலிவரி-ஃபீ.காம்". முன்னால் இருக்கும் அமேசான் வெறும் ஒட்டு.

ஐபோன்காரர்களுக்கு இன்னொன்று. "ஒய் என்று பதில் அனுப்பி, செய்தியை மூடித் திறக்கவும்" என்று சில செய்திகள் கேட்கும். தெரியாத எண்ணிலிருந்து வந்த லிங்கை ஐமெசேஜ் திறக்கவிடாது, நீங்கள் பதில் போட்டால் அந்தத் தடை நீங்கிவிடும். அதற்காகத்தான் கேட்கிறார்கள்.

சந்தேகமான செய்தியை, போலிச் செய்திகளைப் புகார் செய்வதற்கான 7726 என்ற எண்ணுக்கு அப்படியே ஃபார்வர்டு செய்யுங்கள், காசு இல்லை. கார்டு விவரம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் வங்கிச் செயலியில் கார்டை முடக்கிவிட்டு 159ஐ அழையுங்கள், பெரும்பாலான வங்கிகளுக்கு அது இணைத்துவிடும். ஏமாந்து நீங்களே வேறு கணக்குக்கு அனுப்பிய பணமாக இருந்தாலும், 2024 அக்டோபர் 7 முதல் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. சில விலக்குகள் உண்டு, ஆனாலும் கேட்காமல் விடாதீர்கள். விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து நம் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை, அதுதான் எனக்கு வேதனை. ஏமாற்றப்பட்டவர் குற்றவாளி இல்லை. தைரியமாகச் சொல்லுங்கள்.

இனி சேலத்து வீடு. இங்கிருந்து நீங்கள் அப்பா அம்மாவுக்கு ஏதாவது ஆர்டர் செய்வீர்கள், அம்மாப்பேட்டையிலோ ஃபேர்லேண்ட்ஸிலோ அவர்கள் காத்திருப்பார்கள். "முகவரி முழுமையாக இல்லை, உடனே சரிசெய்யவும்" என்று இந்தியா போஸ்ட் பெயரில் போலிச் செய்தி அங்கேயும் வருகிறது. எப்போது, எந்தக் கடையிலிருந்து, என்ன பொருள் வரும் என்பதை முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள். இந்தியாவில் கடைகளின் செய்தி பதிவு செய்த எழுத்துத் தலைப்பில்தான் வரும், சாதாரணப் பத்து இலக்க எண்ணில் வந்தால் சந்தேகப்பட வேண்டும். டெலிவரி ஓடிபியைப் பொருள் வாசலுக்கு வந்த பிறகுதான் சொல்ல வேண்டும், போனில் கேட்டால் கூடாது.

"டெலிவரி பையனோடு பேச இந்த எண்ணை அழுத்துங்கள்" என்று நட்சத்திரக் குறியும் 21ம் சேர்ந்த ஒன்றைச் சொன்னால், அது அழைப்பைத் திருப்பிவிடும் குறியீடு. வங்கியின் ஓடிபி அழைப்பு திருடனுக்குப் போய்விடும். அழுத்திவிட்டால் ##002# போட்டு ரத்து செய்யச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் அந்த நிமிடமே இந்தியாவின் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930ஐ அப்பாவோ அம்மாவோ அழைக்கட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் அதை நிறுத்திவைக்க வழி உண்டு. பரிவர்த்தனை எண்ணையும் நேரத்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசச் சொல்லுங்கள்.