புதிய இயங்குதளம், முரண்டு பிடிக்கும் ஹப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எனக்குத் தெரிந்த திருமணப் புகைப்படக் கலைஞர் ஒருவர், ஓர் இரவு தன் கணினியின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினார். மறுநாள் காலை யுஎஸ்பி ஹப்பின் (கணினியின் ஒரு துளையைப் பல துளைகளாகப் பிரிக்கும் பெட்டி) வழியாக இணைத்திருந்த மவுஸ் நகர்ந்தது, கீபோர்டு எழுதியது. அதே ஹப்பில் இருந்த ஹார்ட் டிஸ்க் மட்டும் திரையில் தோன்றவில்லை. மற்றவை வேலை செய்வதால் ஹப்பில் குறையில்லை, டிஸ்க்தான் போய்விட்டது என்று முடிவுகட்டினார். மூன்று திருமணங்களின் படங்கள் அதற்குள் இருந்தன. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல், தரவு மீட்கும் கடை ஒன்றைத் தேடிப் போனார். கடைக்காரர் டிஸ்க்கை வாங்கித் தன் கணினியில் நேரடியாகச் செருகினார். படங்கள் அத்தனையும் இருந்தன.

அவருக்கு நேர்ந்த அந்த இரண்டு நாள் வேறு யாருக்கும் நேரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இயங்குதளம் மாறியபின் ஹப் தொல்லை தருவது அரிதான செய்தி அல்ல. பெரும்பாலும் அது சரிசெய்யக் கூடியதுதான். பணமும் தரவும் வீணாவது, அடுத்த அரை மணி நேரத்தில் பதற்றத்தில் நாம் செய்யும் காரியங்களால்.

ஹப்பை ஒரே பொருள் என்று நினைப்பது

எல்லாத் தவறுகளுக்கும் வேர் இதுதான். கைக்கு அடக்கமாக ஒரு பெட்டி இருப்பதால் அதை ஒரு கருவி என்று எண்ணிவிடுகிறோம். மானிட்டர், இணையக் கேபிள் எனப் பலவற்றையும் இணைக்கும் பெரிய ஹப்பான ஒரு டாக்கைத் திறந்து பார்த்தால் யுஎஸ்பி பிரிக்கும் சிப் ஒன்று, இணையக் கேபிளுக்கான சிப் ஒன்று, மெமரி கார்டு படிப்பதற்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று, மானிட்டருக்குப் படம் அனுப்ப ஒன்று எனத் தனித்தனியாக இருக்கும். இயங்குதளம் இவை ஒவ்வொன்றுடனும் தனியாகப் பேச வேண்டும். புதிய பதிப்பில் ஒன்றுடன் பேச்சு முறிந்தாலும் மற்றவை வழக்கம்போல் ஓடும்.

மானிட்டருக்குப் படம் அனுப்பாத சாதாரண யுஎஸ்பி 3.0 ஹப்கூட உண்மையில் ஒரே கூட்டுக்குள் இருக்கும் இரண்டு ஹப்கள். ஒன்று பழைய யுஎஸ்பி 2.0 வேகத்துக்கு, மற்றது அதிவேகத்துக்கு. இரண்டுக்கும் கேபிளுக்குள் ஓடும் கம்பிகளும் வேறு. விண்டோஸில் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ஒரே ஹப் இரண்டு பெயர்களில் தெரிவது இதனால்தான். மவுஸும் கீபோர்டும் பழைய பாதையில் போகின்றன, ஹார்ட் டிஸ்க் அதிவேகப் பாதையில் போகிறது. புகைப்படக் கலைஞரின் ஹப்பில் அதிவேகப் பாதி மட்டும் எழுந்திருக்கவில்லை. மவுஸ் நகர்வதை வைத்து டிஸ்க் செத்துவிட்டது என்று சொல்ல முடியாது என்பதற்குக் காரணம் இதுவே.

ஆகவே "ஹப் வேலை செய்யவில்லை" என்று சொல்வதை முதலில் நிறுத்த வேண்டும். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். காணாமல்போன கருவியை ஹப் இல்லாமல் கணினியில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் கருவி நலம். பிறகு கணினி எதையெல்லாம் அறிகிறது என்ற பட்டியலைப் பார்க்க வேண்டும். மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி ஆப்பிள் மெனுவைத் திறந்தால் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் வரும், அதில் யுஎஸ்பி பகுதி. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரின் வியூ மெனுவில் 'டிவைசஸ் பை கனெக்‌ஷன்' என்பதைத் தேர்ந்தால் எது எதன்கீழ் தொங்குகிறது என்பது மரம்போலத் தெரியும். பட்டியலில் பெயர் இருந்தும் கருவி இயங்காவிட்டால் டிரைவரையோ (இயங்குதளம் கருவியுடன் பேச உதவும் நிரல்) அனுமதியையோ சந்தேகிக்கலாம். பெயரே இல்லையென்றால் மின்சாரம், கேபிள், அனுமதி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு பிரிப்பு பாதி வேலையை முடித்துவிடும்.

அணைத்துப் போட்டாயிற்று என்று நம்புவது

விண்டோஸில் 'ஷட் டவுன்' கொடுத்து மறுபடி இயக்கினால் எல்லாம் புதிதாகத் தொடங்கும் என்று பலர் நம்புகிறார்கள். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால், கணினியை அணைக்கும்போது இயங்குதளத்தின் மையப் பகுதியும் டிரைவர்களின் நிலையும் டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். நேற்று குழம்பிப்போன நிலை இன்றும் தொடரும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் உண்மையில் புதிதாகத் தொடங்கும். பெயரைப் பார்த்தால் தலைகீழாகத் தோன்றும், ஆனால் நடப்பு இதுதான்.

இதன் மறுபாதியையும் மறந்துவிடுகிறோம். தனி அடாப்டர் உள்ள ஹப், கணினி அணைந்தபின்னும் மின்சாரம் வாங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அதற்குள் இருக்கும் சிப் ஓய்ந்து எழவே இல்லை. கணினியை அணைத்து, ஹப்பைக் கழற்றி, அதன் அடாப்டரைச் சுவரிலிருந்தும் பிடுங்கி ஒரு நிமிடம் விடுங்கள். கணினியை முதலில் இயக்கி, முழுவதும் எழுந்தபின் மின்சாரம் கொடுத்த ஹப்பை வெறுமையாகச் செருகி, பிறகு கருவிகளை ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். புகைப்படக் கலைஞரின் ஹப் இதற்கே சரியாயிற்று.

இங்கே இன்னொன்று. இன்டெல் சிப் கொண்ட மேக் கணினிகளில் எஸ்எம்சி ரீசெட் என்று, மின்சாரத்தை நிர்வகிக்கும் சிப்பைப் புதிதாகத் தொடங்கவைக்கும் ஒரு முறை உண்டு. எம்1 முதலான ஆப்பிள் சிப் கொண்ட கணினிகளில் அப்படி ஒன்று இல்லை, அணைத்து இயக்கினாலே போதும். பழைய குறிப்பைப் படித்துப் புதிய கணினியில் விசைகளை அழுத்திக்கொண்டிருப்பது நேர விரயம்.

அனுமதிப் பெட்டியைத் தட்டிவிடுவது

2022 அக்டோபரில் வந்த மேக்ஓஎஸ் வென்ச்சுரா, ஆப்பிள் சிப் கொண்ட மடிக்கணினிகளில் ஒரு பாதுகாப்பைக் கொண்டுவந்தது. புதிய யுஎஸ்பி கருவியையோ, தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்புக் கருவியையோ செருகினால் 'அலவ்', 'டோன்ட் அலவ்' என்று கேட்கும். நல்ல ஏற்பாடு. யாரோ கொடுத்த பென் டிரைவ் நமக்குத் தெரியாமல் கணினியுடன் பேசுவதைத் தடுக்கிறது. ஆனால் வேகமாக வேலை செய்பவர்கள் எந்தப் பெட்டி வந்தாலும் மூடிவிடும் பழக்கத்தில் இதையும் தள்ளிவிடுகிறார்கள். அனுமதி மறுத்தாலும் கருவிக்கு சார்ஜ் ஏறும். ஹப்பின் விளக்கு எரியும், கைப்பேசிக்கு மின்சாரம் போகும், தரவு மட்டும் வராது. பார்ப்பவருக்கு ஹப் அரைகுறையாகப் பழுதானதுபோலவே தோன்றும்.

மேம்படுத்தும் நேரத்தில் ஏற்கெனவே செருகியிருந்த கருவிகளுக்கு வென்ச்சுரா தானாகவே அனுமதி கொடுத்துவிட்டது. மேசை இழுப்பறையில் கிடந்த ஹப்பிடம்தான் கேள்வி எழுந்தது. வீட்டு ஹப் ஓடுகிறது, அலுவலக ஹப் ஓடவில்லை என்ற புதிரின் விடை பல நேரம் இங்கே இருக்கிறது. சிஸ்டம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் இந்த அமைப்பு இருக்கும். எப்போதும் அனுமதி என்று வைத்துவிடுமாறு சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். புதிய கருவிக்கு மட்டும் கேட்கும்படி விட்டு, கேட்கும்போது படித்துப் பதில் சொல்வதே நல்லது. மூடியை மூடிவிட்டு வெளி மானிட்டரில் வேலை செய்பவர்கள், புதிய ஹப்பை முதன்முறை இணைக்கும்போது மூடியைத் திறந்து, கணினியின் பூட்டை நீக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

அன்றே புதிய ஹப் வாங்குவது

2024 மார்ச் 7 அன்று மேக்ஓஎஸ் சோனோமா 14.4 வெளியானது. அதை நிறுவியவர்களில் பலருக்கு, வெளி மானிட்டரின் யுஎஸ்பி ஹப்பில் இணைத்த கருவிகள் மறைந்துபோயின. கேபிள் மாற்றியவர்கள் உண்டு, ஹப் மாற்றியவர்கள் உண்டு. மார்ச் 25 அன்று 14.4.1 வந்தது. வெளித் திரைகளுடன் இணைந்த ஹப்கள் அறியப்படாத குறையை நீக்கியிருப்பதாக ஆப்பிளின் குறிப்பே சொன்னது. பதினெட்டு நாள் பொறுத்தவர்களுக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

விண்டோஸிலும் இது உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்த 2025 அக்டோபர் 14 அன்றே விண்டோஸ் 11-க்கு வந்த ஒரு மாதாந்தர அப்டேட்டுக்குப் பின், விண்டோஸ் தொடங்காதபோது பழுதுபார்க்க உதவும் மீட்புச் சூழலில் மட்டும் யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் செயலிழந்தன. விண்டோஸுக்குள் அவை நன்றாகவே ஓடின. அக்டோபர் 20 அன்று அவசரத் திருத்தம் வந்தது. இடைப்பட்ட நாட்களில் மீட்புச் சூழலுக்குள் போனவர்கள் கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பழி எப்போதும் இயங்குதளத்தின்மேல்தான் என்றும் சொல்ல முடியாது. 2021-இல் ஏஎம்டி நிறுவனத்தின் 500 வரிசை சிப்செட் (மதர்போர்டின் இணைப்புகளை நடத்தும் சிப்) கொண்ட கணினிகளில் யுஎஸ்பி இணைப்பு அவ்வப்போது அறுந்தது. விண்டோஸை எத்தனை முறை நிறுவினாலும் பயனில்லை. திருத்தம் மதர்போர்டின் பயாஸ் (இயங்குதளத்துக்கு முன்பே எழும் அடிப்படை நிரல்) அப்டேட்டாகத்தான் வந்தது. எனவே இயங்குதளத்தின் அடுத்த திருத்தம், கணினியின் பயாஸ், ஹப்பின் சிப்புக்குள் இருக்கும் நிரலான ஃபர்ம்வேர் ஆகிய மூன்றுக்கும் திருத்தம் வந்திருக்கிறதா என்று பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள்.

கண்ட இடத்திலிருந்து டிரைவர் இறக்குவது

'உங்கள் டிரைவர்களை ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்' என்று அழைக்கும் மென்பொருள்களை நெருங்கவே வேண்டாம். டிரைவர் என்பது இயங்குதளத்தின் அடிமடியில் உட்காரும் நிரல். அந்த இடத்தை முகம் தெரியாதவருக்குக் கொடுக்கக் கூடாது. ஹப் தயாரித்த நிறுவனத்தின் தளம், கணினி நிறுவனத்தின் தளம், விண்டோஸ் அப்டேட்டில் இருக்கும் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' ஆகிய மூன்று வாசல்கள் போதும்.

தனியாக டிரைவர் வேண்டியவை எவை என்று அறிந்திருப்பது நல்லது. சாதாரண ஹப்புக்கு எதுவும் தேவையில்லை. டிஸ்ப்ளேலிங்க் நுட்பத்தில் மானிட்டருக்குப் படம் அனுப்பும் டாக்குகள் வேறு ரகம், அவை முழுக்க மென்பொருளை நம்பியிருப்பவை. 2018 மார்ச் இறுதியில் மேக்ஓஎஸ் 10.13.4 வந்தபோது டிஸ்ப்ளேலிங்க் மானிட்டர்கள் ஒரே நாளில் இருண்டன. இப்போது மேக்கில் அதற்கென உள்ள செயலிக்குத் திரையைப் பதிவுசெய்யும் அனுமதி வேண்டும், அது இல்லாவிட்டால் படம் வராது. இத்தகைய டாக் வைத்திருப்பவர்கள், புதிய பதிப்புக்கேற்ற செயலி வெளியாகிவிட்டதா என்று உறுதிசெய்யாமல் மேம்படுத்தக் கூடாது. இதில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

மின்கணக்கை மறப்பது

யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தருவது 500 மில்லி ஆம்பியர். யுஎஸ்பி 3.0 தருவது 900. அடாப்டர் இல்லாத ஹப் அதை வாங்கித்தான் எல்லாருக்கும் பங்கிட வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க் இரண்டை அதில் மாட்டினால் நேற்று எப்படியோ ஓடியிருக்கலாம். புதிய பதிப்பு மின்சேமிப்பில் சற்றுக் கண்டிப்பு காட்டினால் இன்று தடுமாறும். விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் 'யுஎஸ்பி ரூட் ஹப்' என்பதன் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற குறி இருக்கும். சிறிது நேரம் சும்மா இருந்தபின் மட்டும் கருவிகள் மறைந்தால் அந்தக் குறியை நீக்கிப் பாருங்கள். பேட்டரி சற்று விரைவில் குறையும்.

கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவது

இதுவே எல்லாவற்றிலும் ஆபத்தானது. டிஸ்க் திரையில் தெரியவில்லை என்பதால் கணினி அதைத் தொடவில்லை என்று பொருளல்ல. பின்னணியில் அதைச் சரிபார்த்துக்கொண்டிருக்கலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்புகளின் அட்டவணை சிதையும். அப்போது வெறும் இணைப்புக் கோளாறாக இருந்தது உண்மையான தரவு இழப்பாக மாறிவிடும். 'இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். டிஸ்க்கை வேறொரு கணினியில் நேரடியாகச் செருகிப் பார்ப்பதே முதல் வேலை.

மேம்படுத்துவதற்கு முன்பு காப்புநகல் எடுங்கள், அதையும் ஹப் வழியாக இல்லாமல் நேரடி இணைப்பில் எடுங்கள். முடிந்ததும் டிஸ்க்கை முறைப்படி வெளியேற்றிக் கழற்றி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புக்கு மாறியபின் பழையதற்குத் திரும்ப வழக்கமாகப் பத்து நாள் அவகாசம் உண்டு. 'சிஸ்டம்', அதில் 'ரெகவரி', அதில் 'கோ பேக்'. இடம் போதவில்லை என்று பழைய விண்டோஸ் கோப்புகளை அதற்குள் அழித்துவிட்டால் அந்த வழி அடைபடும். அந்தப் பத்து நாளுக்குள் ஹப்பின் எல்லாத் துளைகளையும், மாதம் ஒருமுறை மட்டும் தொடும் கார்டு ரீடர் உட்பட, ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் தீராவிட்டால் ஹப் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். கணினியின் மாடல், இயங்குதளத்தின் முழுப் பதிப்பு எண், ஹப்பின் அடியில் அச்சிட்ட மாடல் எண், எந்தத் துளை இயங்குகிறது, எது இயங்கவில்லை, நேரடியாகச் செருகினால் என்ன ஆகிறது என்ற எல்லாவற்றையும் முதல் கடிதத்திலேயே கொடுத்துவிடுங்கள். தொடக்கத்தில் எழுதிவைத்த அந்தத் தாள் இப்போது கைகொடுக்கும்.