600 கெஜத்தில் மேலும் கீழும் சிதறிய குண்டுகள்: பவுடரை மாற்றிச் சரிசெய்த விதம்

100 கெஜத்தில் கிட்டத்தட்ட ஒரே துளையில் விழுந்த, நானே பவுடர் (வெடிமருந்து) நிரப்பிய .308 வின்செஸ்டர் ரைஃபிள் தோட்டாக்கள் 600 கெஜத்தில் செங்குத்தாக நீண்டு சிதறின. பக்கவாட்டு விலகல் குறைவு. ஆகவே காற்றைக் குறை சொல்ல முடியாது. 168 கிரெயின் (சிறிய எடை அலகு) குண்டின் வேகம் வினாடிக்கு 50 அடி மாறினால், அந்தத் தூரத்தில் ஏறத்தாழ 4 அங்குலம் ஏறி இறங்கும். குண்டின் வேகம் அளக்கும் குரோனோகிராஃபும் வேக மாறுபாட்டைத்தான் காட்டியது.

போட்டிருந்தது உருண்டை மணிப் பவுடர். பவுடரை அளந்து கொட்டும் அளவியில் தண்ணீர்போல் ஓடும், அளக்கச் சுகம். ஆனால் அந்த வகை வெயில் ஏற ஏற வேகத்தையும் ஏற்றியது. பதிலாகக் குச்சி மணிப் பவுடரான வார்கெட்டுக்கு மாறினேன். .308-க்குப் பொருந்தும் எரிவேகம், வெப்பத்துக்கு அதிகம் அசையாது, தோட்டா உறையையும் நன்றாக நிரப்பும். உறையில் காலியிடம் அதிகமிருந்தால் பவுடர் கிடக்கும் நிலை ஒவ்வொரு முறையும் மாறி, பற்றுவதும் மாறும். ஒரு தொல்லை: குச்சிகள் அளவியில் வெட்டுப்பட்டு எடை தவறும். சற்றுக் குறைவாகப் போட்டு, மீதியைத் தராசில் வைத்தே சேர்க்கிறேன்.

எவ்வளவு போடுவது என்பதை அந்தக் குண்டுக்கும் அந்தப் பவுடருக்குமான தயாரிப்பாளர் கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள். தொடக்க அளவில் ஆரம்பித்து 0.3 கிரெயினாக ஏறுங்கள். அழுத்தம் மிஞ்சும் அறிகுறியாக, துப்பாக்கியின் போல்ட் (பின்பக்க அடைப்பு) இறுகினாலோ, பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) தட்டையானாலோ, உறையடியில் எஜெக்டர் (உறையை வெளியே தள்ளும் பாகம்) தடம் விழுந்தாலோ நிறுத்திவிடுங்கள், கையேட்டின் அட்டவணை இன்னும் இடம் தந்தாலும். பவுடரில் புதிய லாட் (தயாரிப்புத் தொகுதி) வாங்கினால் மறுபடி கீழிருந்து. பெயரை நம்பக்கூடாது: எச்4350, ஐஎம்ஆர் 4350 இரண்டும் வெவ்வேறு பவுடர்கள். மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான். மிஞ்சியது அதே டப்பாவுக்கே திரும்பட்டும்.