காலையில் நன்றாக வெட்டி, சூடானதும் பிசிறு விட்ட ஃபைபர் லேசர்: என் அனுபவம்

மதுரை பக்கம் கப்பலூரில் நாங்கள் ஓட்டும் 3 கிலோவாட் லேசர் வெட்டு மெஷின், 6 மி.மீ. இரும்புத் தகட்டைக் காலையில் அழகாக வெட்டும். விடாமல் ஓடினால் வெட்டின் அடியில் உருகிய இரும்பு பிசிறாகத் தொங்கும். டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி சுத்தமாக வெட்டும்.

நாசில் (லேசரும் காற்றும் வெளியே வரும் முனை) மாற்றினோம், லேசர் அதன் நடுவில் வருகிறதா என்று பார்த்தோம், வேகத்தைக் குறைத்தோம், மெஷினைக் குளிர்விக்கும் சில்லர் தண்ணீரையும் மாற்றினோம். பலனில்லை. மீட்டரில் லேசர் பவர் குறையவே இல்லை.

பிசிறு விழும் நேரத்தில் ஃபோகஸை, அதாவது லேசர் குவியும் புள்ளியை, 1 மி.மீ. கீழே இறக்கினேன், வெட்டு சரியானது. அப்படியென்றால் சூட்டில் குவியம் மேலே ஏறுகிறது. சந்தேகம், வெட்டும் தலையில் லென்ஸுக்குக் கீழே அதைக் காக்கும் பாதுகாப்புக் கண்ணாடி மேல் விழுந்தது. நேராகப் பார்த்தால் பளிங்கு போல இருந்தது. செல்போன் டார்ச்சைச் சாய்த்து அடித்தபோதுதான் நடுவில் வானவில் நிறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரிந்தது. அது லேசரின் 1.08 மைக்ரான் அலைநீள ஒளியை உறிஞ்சுகிறது. கண்ணாடியின் நடுப்பகுதி மட்டும் சூடாகி, அங்கே ஒளிவிலகல் எண் (ஒளியை வளைக்கும் அளவு) கூடி, தட்டைக் கண்ணாடியே லென்ஸாகிக் குவியத்தை மேலே இழுத்துவிடுகிறது. லேசர் கதிரின் தரமும் கெடுகிறது.

அழுத்தக் காற்றை ஊதி வெட்டுவதால் எண்ணெய் கம்பரசரிலிருந்துதான் வர வேண்டும். "ஃபில்டர் புதுசுதாண்ணே" என்றார் மெக்கானிக். உண்மைதான். ஆனால் அது எண்ணெய்த் துளியைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. மதுரை வெயிலில் சூடான காற்றில் ஆவி அதிகம். காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையருக்குப் பிறகு, ஆவியைப் பிடிக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் ஃபில்டர் போட்டு, ஹோஸை ஊதிக் காயவிட்டு, புதுக் கண்ணாடி மாட்டினோம். மாட்டும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள், தூசி உட்காரும். இப்போது சாயங்காலம் வரை ஃபோகஸைத் தொடுவதில்லை. அப்பாடா!