ரெண்டா வாங்கினா மட்டும் போதாதுங்க: நெட்வொர்க் ரிடன்டன்சில காசு வீணாப்போற இடம்

பெருந்துறை சிப்காட், அவிநாசி ரோடுன்னு புதுசா நெட்வொர்க் வேலைக்கு வர்ற பசங்க போடற கொட்டேஷனைப் பாத்தா, அந்தக் காலத்துல நாங்கெல்லாம் பண்ணின அதே தப்பு அச்சு மாறாம திரும்ப வருதுங்க. பாஸ்வேர்டு மாத்தாதது, லேபிள் ஒட்டாதது பத்தியெல்லாம் இங்க பேசல. ரிடன்டன்சி, அதாவது ஒண்ணு கெட்டா இன்னொண்ணு ஓடணும்னு எல்லாத்தையும் ரெண்டாப் போடறது, அதுல வர்ற தப்பு மட்டுந்தான்.

ரெண்டு பெட்டி, ஒரே வழி

இன்னைக்கும் எனக்கு எரிச்சல் வர்றது இதுக்குத்தான். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி, ஃபயர்வால் (இன்டர்நெட் வாசல்ல காவல் நிக்கற பெட்டி) ரெண்டு, கோர் சுவிட்ச் (உள்ள இருக்கற லைனெல்லாம் வந்து சேர்ற நடுப் பெட்டி) ரெண்டு, இன்டர்நெட்டும் ரெண்டு கம்பெனில வாங்கி டயகிராம் பக்காவா இருந்துச்சு, ஷிப்மென்ட் நேரம் பாத்து சாக்கடைக்குத் தோண்டின ஜேசிபி ரெண்டு ஃபைபரையும் ஒண்ணா அறுத்துப்போட்டுது, ஏன்னா ரெண்டும் வந்தது ஒரே குழில, பில்லு மட்டுந்தான் வேற வேற. உள்ள போய்ப் பாத்தா ரெண்டு ஃபயர்வாலும் ஒரே யுபிஎஸ்ல சொருகியிருக்குது. ரெண்டாவது பெட்டிக்குக் கொடுத்த காசு அன்னைக்கு ஒரு நிமிஷத்தைக்கூட காப்பாத்தல.

99% நேரம் ஓடற பெட்டி ரெண்டு போட்டா 99.99%னு கணக்கு வரும். ரெண்டும் தனித்தனி காரணத்தால கெட்டாத்தான் அந்தக் கணக்கு நிக்கும். அதனால வாங்கறதுக்கு முன்னாடி ரோட்டுல இருந்து ரேக் வரைக்கும் ஒவ்வொரு ஒயரும் எங்க போகுதுன்னு நடந்து பாருங்க தம்பி. ரெண்டாவது ஃபைபருக்குப் பதிலா மொட்டைமாடில ஒரு வயர்லெஸ் லிங்க் போட்டா ஜேசிபி அதைத் தொடாது.

ஒரு மணி நேரம் நின்னா என்ன நஷ்டம்னு கேக்காதது

ஓனர்கிட்ட மொதல்ல இதைத்தான் கேக்கணும். 99.9%னா வருஷத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் நிக்கும், 99.99%னா 52 நிமிஷம். அந்த எட்டு மணி நேர நஷ்டம், பெட்டி விலை, லைசன்ஸ், வருஷா வருஷம் ஏஎம்சி (பராமரிப்பு ஒப்பந்தம்) எல்லாத்தையும் விடக் குறைவுன்னா ரெண்டாவது வேண்டாம்னு தைரியமா சொல்லுங்க. ஈரோட்டுல ஒரு ஜவுளி குடோனுக்கு கான்ஃபிக் (செட்டிங்ஸ்) ஏத்தின ஸ்பேர் சுவிட்ச் ஒண்ணு அலமாரில இருந்தாப் போதும்.

ஸ்டாண்ட்பை லைசன்ஸ்

மெயின் கெடற வரைக்கும் சும்மா நிக்கற ரெண்டாவது பெட்டிக்கும் தனி லைசன்ஸ் வேணுமாங்கறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எழுதி வாங்குங்க.

டெஸ்ட் பண்ணாம ஒப்படைக்கறது

ஞாயித்துக்கெழமை போய் மெயின் சுவிட்சோட ஒயரை ஓனர் முன்னாடியே உருவுங்க. ஒரு ஒயர் போனா சுவிட்சுங்க தானா மாத்து லைனுக்கு மாற உதவற முறை எஸ்டிபி, அதோட வேகமான வடிவம் ஆர்எஸ்டிபி. பழைய எஸ்டிபில விட்டிருந்தா லைன் மாற 30ல இருந்து 50 செகண்ட் இழுக்கும், ஆர்எஸ்டிபின்னா சில செகண்டுல மாறிடும்.